முத்து மோதிரமும் தீர்ந்துபோன ஆசிட்டும்

கிளாடிஸ் படிக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. நினைத்ததோடு சரி. நினைப்புக்கும் தண்டனை உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பையனின் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

நான் பாஸ்கல். தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். மில்லர்புரத்தில் வாடகை வீடு. கல்யாணமாகி மூன்று வருடம், தொட்டில் வாங்குகிற வேளை இன்னும் வரவில்லை. தெருவில் என்னைக் 'கெமிஸ்ட்ரி சார்' என்பார்கள். வீட்டில் என் மனைவி 'ஏங்க' என்பாள். இரண்டும் ஒரே பதவிதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கிளாடிஸ் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் மட்டும் கோட்டை விட்டவள். விட்ட கையோடு எனக்குக் கழுத்தை நீட்டினாள். "கெமிஸ்ட்ரி வாராத புள்ளைக்குக் கெமிஸ்ட்ரி வாத்தியாரையே கட்டி வச்சிட்டேன்" என்று என் மாமனார் சிலுவை கல்யாணப் பந்தலில் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கிளாடிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு பிரியாணியில் கறித் துண்டு தேடினேன்.

மாமனார் ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குத் தோணி விட்டவர். கடைசியாக நடந்த குளிப்பில் அவர் பங்குக்கு வந்த சிப்பி ஒன்றில் நல்ல முத்து கிடைத்ததாம். அதை மோதிரத்தில் பதித்து எனக்குப் போட்டார். அந்த மோதிரத்தை நான் வைத்திருந்த விதம் தெருவுக்கே தெரியும். குளிக்கும்போது கழற்றிப் பஞ்சில் வைப்பேன். பள்ளிக்கூட லேபில் ஆசிட் பாட்டிலை எடுக்கும் முன் அதைக் கைக்குட்டையில் முடிந்து மேல்பையில் போட்டுக்கொள்வேன். முத்து என்பது சிப்பி ஓடு எந்தச் சரக்கோ அதே சரக்குதான். ஆசிட் பட்டால் கரைந்து வாயுவாகப் போய்விடும். ஒரு தடவை பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்கா விருந்தில் என் வலது கைப் பக்கமாக எலுமிச்சை ஊறுகாயை வைத்துவிட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். இலையை அந்தப் பக்கம் திருப்பிப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை தோறும் கிளாடிஸ் அந்த மோதிரத்தைக் கேட்டு வாங்கி ஈரத் துணியால் துடைத்துத் தருவாள். அவளைத் தவிர வேறு யார் கையிலும் நான் அதைக் கொடுத்ததில்லை.

ஓர் ஐப்பசி மழை நாளில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள், இந்த மார்ச்சில் கெமிஸ்ட்ரியை எழுதி முடித்துவிடப் போகிறாளாம். பாஸானால் டீச்சர் டிரெயினிங் சேருவாளாம். நான் முகமெல்லாம் மலர்ந்து, ரொம்ப சந்தோஷம் என்றேன். மலர்ந்த முகத்துக்குப் பின்னால் கணக்கு ஓடியது. டீச்சர் டிரெயினிங் என்றால் பாளையங்கோட்டை. பாளையங்கோட்டை என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் இரண்டு வருடம். இரண்டு வருடம் என்றால் நானும் குசினியும். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அது கொதித்துவிட்டதா என்று அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்பேன்.

இதையெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கணக்குப் போடத் தெரிந்தவன் எதற்குக் கேட்க வேண்டும்?

சோறு மட்டும் காரணம் இல்லை. சாயங்காலம் வந்து சைக்கிளை நிறுத்தியதும் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்க வேண்டும். கரண்ட் போனால் 'இங்கன இருக்கேன்' என்று ஒருத்தர் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வருடமும் அது கிடைக்காது. ஆனால் ஓர் ஆம்பிளை இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? மீன் குழம்பை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள். வேறு யாரிடம் போவாள்? ஆவர்த்தன அட்டவணை, அமிலம், காரம் எல்லாம் ஒழுங்காகவே சொல்லிக் கொடுத்தேன். பயங்கர வேகத்தில் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கெமிஸ்ட்ரி வராது என்று சொன்னவன் யார் என்று எனக்கே கோபம் வந்தது. இப்படியே போனால் நூற்றுக்கு எண்பது வாங்கிவிடுவாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் அந்தப் பாடம் வந்தது.

கெமிஸ்ட்ரியில் ஒரு வகைக் கணக்கு உண்டு. இரண்டு சரக்கைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு வாயு வரும் என்று கேட்பான். இதில் சூட்சுமம் ஒன்றுதான். எது முதலில் தீருகிறதோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒன்று தீர்ந்தால் வேலை நின்றது; மற்றது எவ்வளவு குவிந்து கிடந்தாலும் சும்மாதான் கிடக்கும். உதாரணத்துக்கு, நூறு கிராம் சிப்பி ஓடு முழுக்கக் கரைய எழுபத்துமூன்று கிராம் ஆசிட் வேண்டும். வருகிற வாயு 22.4 லிட்டர். இருபது கிராம் ஓட்டில் 7.3 கிராம் ஆசிட்டை ஊற்றினால்? அந்த ஓட்டுக்கு அது பாதிதான் காணும். ஆசிட் தீர்ந்துவிடும், பாதி ஓடு மிச்சம். வாயு 2.24 லிட்டர். என் மாணவர்களில் பாதிப் பேர் வருடா வருடம் விழுகிற குழி இது. கிளாடிஸையும் இதிலேயே தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"ரெண்டு எடை குடுத்திருக்கான், எத எடுக்கணும்ங்க?" என்று கேட்டாள்.

"எது பெருசோ அத."

"அப்ப சின்னது?"

"அது சும்மா கூடமாட ஒத்தாசைக்கு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போட்டாள். இருபது பெரிது. ஓட்டை வைத்துக் கணக்கு. 4.48 லிட்டர். இல்லாத ஆசிட்டிலிருந்து இரண்டேகால் லிட்டர் வாயுவை வரவழைத்துவிட்டாள். நான் சிவப்பு மையில் டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் இதே கதை. எல்லாக் கணக்கையும் போட்டாள், எல்லாம் தப்பு, எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். ஒவ்வொரு டிக்கும் ஒரு சாவான பாவம். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்றால் எங்கள் பங்குச் சாமியார்தான் பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டென்ட். வாத்தியார் தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்ற சேதியை அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் குருவுக்கு மரியாதை செய்ய ஆரம்பித்தாள். சீலா மீன் நடுத்துண்டு எனக்கு. சாயங்காலம் முந்திரி மெக்ரூன். சைக்கிளைத் துடைத்து வைத்தாள். "நீங்க சொல்லிக் குடுத்தா எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா" என்றாள். நடுத்துண்டு தொண்டையில் நின்றது. முள் இல்லாத மீன் அது.

பிளாரன்ஸ் அக்காவின் மகள் பேபி, கான்வென்டில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் புத்தகத்தோடு காம்பவுண்டுச் சுவர் ஓரம் வந்து நின்றாள். கிளாடிஸ் அதே சிப்பிக் கணக்கைப் போட்டுக் காட்டினாள். பேபி தயங்கித் தயங்கி, எங்க சிஸ்டர் வேற மாதிரி சொன்னாங்களே, 2.24 தானே வரும் என்றாள். நான் உள்ளே நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

சிஸ்டருக்குத்தான் தெரியும் என்று பேபி. எங்கள் வீட்டில் சொன்னதுதான் சரி என்று கிளாடிஸ். இந்த அமளியில் பிளாரன்ஸ் அக்காவும் வந்துவிட்டார். ஏளா, சிஸ்டரு மெட்ராஸ்ல படிச்சவுக, ஒம் மாப்பிள்ள என்ன அவுகளவிடப் பெரிய ஆளா என்று அவர் ஆரம்பிக்க, எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அப்போது கிளாடிஸ் சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி: "எங்க வீட்டுக்காரவுகளுக்கு என்ன வேணாலும் தெரியாம இருக்கலாம்க்கா. ஆனா எனக்குத் தப்பாச் சொல்லித் தர மாட்டாவ."

எழுந்து வெளியே போக ஆறு அடி எடுத்து வைத்தால் போதும். 'பேபி சொல்வதுதான் சரி, நான் ஏதோ ஞாபகத்தில் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும். நான் பேப்பரைப் புரட்டினேன். அதில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் விவரம் போட்டிருந்தது. முழுவதும் படித்தேன்.

அரையாண்டுப் பரீட்சையில் அச்சு அசலாக அதே மாதிரிக் கணக்கு வந்தது. பேபிக்கு முழு மார்க். விடைத்தாளைக் கொண்டுவந்து சுவர் மேல் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். நல்ல பிள்ளை, அவள் இரண்டு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிளாடிஸ் அதைப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், துணி மடித்தாள். கேட்டிருந்தால் ஏதாவது புளுகியிருப்பேன். கேட்காதவளிடம் எதைப் புளுகுவது? மீன் மட்டும் நடுத்துண்டிலிருந்து வால் துண்டுக்கு இறங்கியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்து முன்னறைக்கு வந்தேன். பிளாரன்ஸ் அக்காவும் பேபியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் ஒரு கண்ணாடித் தம்ளர், இடித்த சிப்பி ஓடு ஒரு கிண்ணம், கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில்.

"ஒரு சின்ன பரிசோதனைங்க. நீங்க சும்மா பக்கத்துல இருந்து பாத்தாப் போதும்" என்றாள் கிளாடிஸ்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்ளரில் ஓட்டைக் குவித்தாள். மேலே கொஞ்சமாக ஆசிட்டை ஊற்றினாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது. பொங்கி, தணிந்து, நின்றது. ஈர்க்குச்சியால் கிளறினாள். ஒரு குமிழி வரவில்லை. அடியில் ஓடு அப்படியே குவிந்து கிடந்தது.

"நுர நின்னுட்டு. ஓடு மிச்சம் கெடக்கு. நீங்க சொன்ன கணக்குப்படி ஓடு பூரா கரையணும். இப்ப இதுல ஆசிட்டு இருக்கா, தீந்துட்டா?"

தீர்ந்துவிட்டது என்றால் நான் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் பொய். பிளாரன்ஸ் அக்கா வேறு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றேன்.

"நெசமாவா?"

"இருக்கு. மெதுவா வேல செய்யும். ரெண்டு நாள் வச்சிருந்து பாரு, பூராவும் கரைஞ்சிரும்."

"அப்ப நல்ல ஆசிட்டு."

"நல்ல ஆசிட்டு."

அவள் தலையை ஆட்டினாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "இன்னைக்கு சனிக்கிழமல்லா, மோதிரத்தக் குடுங்க, தொடச்சுத் தாரேன்" என்றாள். அப்பாடா என்று கழற்றிக் கொடுத்தேன். முந்தானையால் முத்தை ஒரு துடை துடைத்தாள். அப்படியே தம்ளருக்குள் போட்டாள்.

டங்.

"ஏளா, முத்து!" என்று பிளாரன்ஸ் அக்கா எழுந்துவிட்டார். பேபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு வருடம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவன் வேறு என்ன செய்வான்? ஓடு மிச்சம் இருந்து நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது என்று அர்த்தம். அதில் முத்தைப் போடுவதும் குடத்துத் தண்ணீரில் போடுவதும் ஒன்று. இது எனக்கு எலும்பு வரைக்கும் தெரியும். அதனால் எலும்பு பதறவில்லை. ஊறுகாய்க்கு எழுந்து நின்றவன், ஆசிட் தம்ளருக்குள் மோதிரம் கிடக்க, காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று பேரும் தம்ளரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பதற வேண்டும், உடனே பதற வேண்டும் என்று புத்தி சொன்னது. எழுந்து, "ஐயோ, என் மோதிரம்" என்றேன். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மூன்றாவது காவலாளி பேசுகிற மாதிரி இருந்தது.

"ரொம்ப லேட்டுங்க" என்றாள் கிளாடிஸ்.

கரண்டியால் மோதிரத்தை எடுத்தாள். தண்ணீரில் அலசினாள். முத்து முன்பைவிடப் பளபளவென்று இருந்தது, சனியன்.

"இந்த மனுசன் பதறவே இல்லியே" என்றார் பிளாரன்ஸ் அக்கா ஆச்சரியத்தோடு.

"ஆசிட்டு தீந்துட்டுன்னு அவுகளுக்குத் தெரியும்க்கா. மொதல்லருந்தே தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "எது சரியான கணக்குன்னு பேபி மார்க்குலயே தெரிஞ்சு போச்சு. ஒங்களுக்குத் தெரியாமச் சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களான்னுதான் நான் பாக்கணும். தெரியாமச் சொல்லியிருந்தா, ஒங்களுக்காகத் தெருவெல்லாம் சண்ட போட்டிருப்பேன்."

மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள். அது ஜில்லென்று இருந்தது.

மறுநாளிலிருந்து பேபி வந்து சொல்லிக் கொடுத்தாள். முன்னறை அவர்களுக்கு. அங்கே வாத்தியார் நிற்பது படிப்புக்கு இடைஞ்சலாம். குசினி எனக்கு. அவள் பாளையங்கோட்டைக்குப் போனால் வரும் என்று நான் பயந்தது அன்றைக்கே வந்துவிட்டது. முதல் வாரம் சோறு கஞ்சியாக வந்தது. அடுத்த வாரம் அடிபிடித்தது. முன்னறையிலிருந்து, "எது மொதல்ல தீரும்க்கா?" என்று பேபி கேட்பது காதில் விழும். இங்கே உலையில் தண்ணீர்தான் முதலில் தீரும். சத்தம் போட்டுச் சொல்ல முடியாது.

மன்னித்துவிடு என்று ஒரு நாள் கேட்டேன். "சரிங்க" என்றாள். அதில் என்ன இருந்தது என்று எந்தப் பரிசோதனையிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மார்ச் வந்தது, எழுதினாள். மே மாதம் ரிசல்ட் வந்தது. எழுபத்தொன்பது. தெருவெல்லாம் மெக்ரூன் கொடுத்தாள். வாங்கித் தின்றவர்கள், வாத்தியார் வீட்டம்மால்லா, சும்மாவா என்று என்னைப் பாராட்டினார்கள். நான் பாராட்டை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன கிடைத்தது எனக்கு?

பாளையங்கோட்டையில் இடமும் கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இனி எதன் பின்னால் ஒளிவது? மீன் குழம்புதான் பஸ் ஏறிவிட்டதே.

"கிளாடிஸ், எனக்கு நீ இல்லாம வீட்டுல இருக்க முடியாது. அதனாலதான் அப்படிச் செஞ்சேன். சோத்துக்காக இல்ல" என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அவள் கண் கலங்கியதோ, கடல் காற்றோ. அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் சொன்னேன்: இங்கே ஊருக்குள்ளேயே ஒரு டிரெயினிங் ஸ்கூல் இருக்கிறதாமே, நேற்றுத்தான் ஸ்டாஃப் ரூமில் சொன்னார்கள்; அதில் சேர்ந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாமே.

"தெரியும்ங்க. மொதல்ல அங்கன சேரத்தான் இருந்தேன். ஹாஸ்டல்னு நான் எப்பச் சொன்னேன்? நீங்களும் கேக்கவே இல்லயே."

"பெறகு ஏன் பாளையங்கோட்ட?"

"தம்ளர்ல மோதிரத்தப் போட்டப்ப நீங்க பதறலல்லா. அன்னைக்குத்தான் மாத்துனேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. நான் கம்பியை விடாமல் கூடவே நடந்தேன். அவள் தலையை நீட்டி, என் விரலைக் காட்டி, அக்கறையாகத்தான் சொன்னாள்:

"குழம்புக்குப் புளி கரைக்கையில மோதிரத்தக் கழட்டி வச்சிருங்க. அந்த ஆசிட்டு தீராது."